தீபாவளி முதல் பொங்கல் வரை: சுகர் இருப்பவர்கள் பண்டிகை நாட்களில் எப்படிச் சாப்பிடலாம்?

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று ஒரு தட்டு நீளும். "அவருக்கு சுகர் இருக்கு, கொடுக்காதீங்க" என்று பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும். தமிழ்நாட்டில் தீபாவளி கொண்டாடும் ஏராளமான வீடுகளில் இந்த இரண்டு குரல்களையும் கேட்கலாம். நடுவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அத்தையோ சிரித்துச் சமாளிப்பார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் டப்பாவைத் திறந்து இரண்டு எடுத்துக்கொள்வார்.

இதில் 'சாப்பிடு' என்று சொல்வதும் முழுத் தீர்வு இல்லை, 'சாப்பிடாதே' என்று சொல்வதும் முழுத் தீர்வு இல்லை. எதை, எவ்வளவு, எதற்குப் பிறகு, எந்த மாத்திரையோடு சாப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எத்தனை பேருடைய பிரச்சினை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். இந்தக் கட்டத்தைத்தான் 'ப்ரீ-டயாபடீஸ்' என்கிறார்கள்.

இரண்டாவது எண்தான் பெரியது என்பதைக் கவனியுங்கள். அதில் இருப்பவர்கள் எல்லாரும் வயதானவர்கள் இல்லை. கம்பெனியில் நடக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்று வந்து, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மெயிலை மூடிவிட்டவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். எனவே இந்தக் கட்டுரை அம்மா, அப்பாவுக்கு ஃபார்வர்ட் செய்ய மட்டும் இல்லை.

ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

ஒரே ஒரு நாள் என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் என்னவென்றால், நம் பண்டிகை ஒரு நாளில் முடிவதில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஆபீஸில் ஸ்வீட் பாக்ஸ் வரத் தொடங்கும். தீபாவளி முடிந்த பிறகு, மிச்சமிருப்பதைத் தீர்க்க ஒரு வாரம். அடுத்து கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டையும் அப்பமும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டுக்கு இன்னொரு கேக். ஜனவரி நடுவில் சர்க்கரைப் பொங்கல். இடையில் வரும் கல்யாணப் பந்திகள் தனிக் கணக்கு.

ஹெச்பிஏ1சி பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டுவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட இரண்டு மூன்று மாதம்தான். பொங்கல் முடிந்து எடுக்கும் ரிப்போர்ட், மொத்தப் பண்டிகைக் காலத்துக்குமான மார்க் ஷீட் மாதிரி. அதில் மார்க் குறைவது தீபாவளி அன்று சாப்பிட்ட ஓர் அதிரசத்தால் மட்டும் அல்ல. அதற்குப் பிறகு பொங்கல் வரைக்கும் காபியோடு தினமும் சேர்ந்துகொண்ட முறுக்கும் மிச்சர் கிண்ணமும்தான் கணிசமான காரணம்.

அதனால் முதல் விதி இது: பண்டிகை நாளை விடப் பண்டிகைக்குப் பிந்தைய நாட்களைக் கவனியுங்கள். கொண்டாட்டம் முடிந்த மறுநாளே பலகாரத்தில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கும், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும், வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனிப்பை மட்டும் தவிர்த்தால் போதுமா?

"நான் ஸ்வீட்டைத் தொடவே இல்லை, வெறும் காரம்தான் சாப்பிட்டேன். ஆனாலும் சுகர் ஏறிடுச்சு" என்று பலர் குழம்புவார்கள். குழப்பத்துக்கு இடமில்லை. முறுக்கு, தட்டை, சீடை எல்லாம் அரிசி மாவு. ரிப்பன் பக்கோடாவில் கடலை மாவுடன் அரிசி மாவும் உண்டு. அரிசி மாவில் இருப்பது மாவுச்சத்து. அது செரிமானம் ஆனதும் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். நாக்குக்கு அது காரம், ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரை.

ஒரு சாதாரண தீபாவளிக் காலை உணவைக் கணக்குப் போடுவோம். அளவைப் பொறுத்து எண்கள் மாறும், இது தோராயம்.

* 5 இட்லி: சுமார் 50 கிராம் மாவுச்சத்து
* 1 அதிரசம்: சுமார் 25 கிராம்
* 2 உளுந்து வடை: சுமார் 18 கிராம்
* 2 ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி: 10 கிராம்

மொத்தம் 100 கிராமைத் தாண்டுகிறது. ஒரே வேளையில் இவ்வளவு வந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலால் சமாளிக்க முடியாது.

அதே காலை, அதே பலகாரங்கள், வேறு அளவு: 2 இட்லி, கறிக்குழம்பில் கறித்துண்டுகள் கொஞ்சம் அதிகமாக, 1 வடை, அரை அதிரசம், சர்க்கரை இல்லாத காபி. இப்போது மாவுச்சத்து 45 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆட்டுக்கறியில் புரதமும் கொழுப்பும் உண்டு, மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. சைவம் என்றால் சாம்பாரில் பருப்பும் காயும் கூடுதலாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கப் சுண்டல் வைக்கலாம். சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும்.

இது மாற்றுக் கணக்கு. இனிப்பை உள்ளே விட்டால், சோறோ இட்லியோ அதற்கு இடம் விட வேண்டும். 'இனிப்பும் வேண்டும், இட்லியும் குறையக் கூடாது' என்றால் கணக்கு உதைக்கும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் நல்லதுதானே?

பண்டிகைக் காலத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாது உப்புகள் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நாட்டுச் சர்க்கரையும் அதே குடும்பம்தான்.

'சர்க்கரையே சேர்க்காத பேரீச்சம்பழ லட்டு' என்று விற்பதும் இந்த ரகம்தான். பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இயற்கையான சர்க்கரை இருக்கிறது. தினை அதிரசம், கம்பு லட்டு என்று சிறுதானியத்தில் செய்தாலும், பாகு வெல்லப்பாகுதானே?

இவற்றைச் சாப்பிடவே கூடாது என்பதில்லை. 'இது ஹெல்தி' என்று நினைத்து இரண்டுக்குப் பதில் நான்கு எடுப்பதுதான் ஆபத்து. வெல்லமோ சர்க்கரையோ, அளவு ஒன்றுதான்.

தீபாவளி லேகியமும் இந்தப் பட்டியலில் உண்டு. இஞ்சி, மிளகு, ஓமம் எல்லாம் இருந்தாலும், அதைக் கெட்டியாக்குவது வெல்லமும் நெய்யும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு உருண்டை போடுவது வழக்கம். சுகர் இருப்பவர்கள் அதைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

'சுகர் ஃப்ரீ' ஸ்வீட் வாங்கினால் கவலை இல்லையா?

பாக்கெட்டில் அப்படி எழுதியிருந்தால், சர்க்கரை சேர்க்கவில்லை என்பதுதான் செய்தி. அதில் இருக்கும் மைதா, கோவா, பால், நெய், முந்திரி பற்றி அந்த வார்த்தை எதுவும் சொல்வதில்லை. மைதா குளுக்கோஸாக மாறும். பாலிலும் கோவாவிலும் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. நெய்யும் முந்திரியும் கலோரியை ஏற்றும். சில இனிப்புகளில் சேர்க்கப்படும் மால்டிடால் போன்ற பொருட்கள் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றக்கூடியவை. அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரலாம்.

உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதில் சொல்லியிருந்தது. காபியில் ஒரு மாத்திரை இனிப்பூட்டி போடுவது பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஆனால் 'சுகர் ஃப்ரீ' என்ற ஸ்டிக்கரை நம்பி அரை கிலோ பாக்ஸைக் காலி செய்வது வேறு கதை. பாக்கெட்டைத் திருப்பி, 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் படியுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

எதை முதலில் சாப்பிடுவது?

நம் ஊரில் இலை போட்டதும் முதலில் வைப்பதே இனிப்புதான். சுகர் இருப்பவர்களுக்கு இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டைப் 2 நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், காயும் கோழிக்கறியும் பிறகு. இன்னொரு நாள் அப்படியே தலைகீழ். காயும் கறியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. வெறும் 11 பேரிடம் நடந்த ஆய்வு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் செலவே இல்லாத யோசனை, முயன்று பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

நம் இலையில் இதை இப்படிச் செய்யலாம்: முதலில் பொரியல், கூட்டு, பச்சடி. அடுத்து பருப்பு, முட்டை, மீன் அல்லது கறி. அப்புறம் சோறு. இனிப்பு கடைசியில். வெறும் வயிற்றில் போகும் ஜாங்கிரியும், வயிறு நிறைந்த பிறகு போகும் ஜாங்கிரியும் ஒரே வேகத்தில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. இன்னொரு லாபம், வயிறு நிறைந்த பிறகு மூன்று ஜாங்கிரி உள்ளே போகாது.

சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் 10, 15 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். டிவியில் சிறப்புப் பட்டிமன்றம் ஓடினால், விளம்பர இடைவேளையில் எழுந்து மொட்டை மாடியில் நான்கு சுற்று நடந்தாலும் கணக்குதான்.

நோன்பு இருப்பவர்கள் மாத்திரையை என்ன செய்வது?

தீபாவளியை ஒட்டி வரும் கேதாரகௌரி நோன்பில், பூஜை முடியும் வரை சாப்பிடாமல் இருப்பவர்கள் பலர். நாள் முழுக்கப் பட்டினி, பிறகு நோன்பு அதிரசம் என்ற வரிசை சுகர் இருப்பவர்களுக்குச் சிக்கலானது. முதலில் சர்க்கரை அடியோடு குறையும், பிறகு சட்டென்று ஏறும்.

இங்கே எந்த மாத்திரை என்பது முக்கியம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிடாமல் எடுத்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை நீண்ட பட்டினியோடு சேர்த்தால் நீரிழப்பும், அரிதாக ரத்தத்தில் அமிலம் கூடும் நிலையும் வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் ஆபத்து குறைவு.

எனவே நோன்புக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், 'இன்னைக்கு ஸ்வீட் சாப்பிட்டேன், ஒண்ணு கூடுதலா போட்டுக்கறேன்' என்று கூட்டவும் வேண்டாம். கூடுதல் மாத்திரை, சாப்பிட்ட லட்டை அழிக்கும் ரப்பர் அல்ல. அந்த லட்டின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், மாத்திரையின் வேலை நள்ளிரவு வரைக்கும்கூட நீளலாம்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 1 குழந்தைகள் விஷயம் வேறு. சாப்பிடும் மாவுச்சத்துக்கு ஏற்ப இன்சுலின் அளவைக் கணக்கிடும் முறையை அவர்களுடைய டாக்டர் கற்றுக்கொடுத்திருந்தால், அந்தக் கணக்குப்படி அவர்களும் மற்ற பிள்ளைகளோடு இனிப்பு சாப்பிடலாம்.

லோ சுகர் வந்தால் மைசூர்பாக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். அளவு 70 மி.கி.க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். வீடு முழுக்க ஸ்வீட் இருப்பதால் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வாயில் போடத் தோன்றும். ஆனால் மைசூர்பாக், லட்டு, சாக்லேட் எல்லாவற்றிலும் நெய்யோ கொழுப்போ இருக்கிறது. அது சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மது அருந்துபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெறும் வயிற்றில் மது, கூடவே இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்றால், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூட சர்க்கரை குறையலாம். லோ சுகரில் வரும் தடுமாற்றத்தைச் சுற்றி இருப்பவர்கள் போதை என்று நினைத்து, 'தூங்கட்டும் விடுங்க' என்று விட்டுவிடுவார்கள். ஆபத்தே அதுதான்.

வீட்டிலேயே டெஸ்ட் செய்யும்போது

குளுக்கோமீட்டர் இருந்தால், பண்டிகை அன்று சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு 180-க்குக் கீழே இருப்பது பலருக்கும் பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் வேறு இலக்கு சொல்லியிருக்கலாம்.

ஒரு விஷயம் முக்கியம்: கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஊசி குத்த வேண்டும். லட்டு பிடித்த விரலில் ஒட்டியிருக்கும் பாகு, ரீடிங்கைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அந்தப் பொய்யான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் விபரீதம்.

சாப்பாட்டைத் தாண்டி இன்னொன்று. சுகர் பல வருடமாக இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு வாசலில் கிடக்கும், அது இன்னும் சூடாக இருக்கும். வெறுங்காலில் மிதித்தாலும் தெரியாது. செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ராத்திரி படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்ததும், அப்பாவின் தட்டைக் கண்காணிக்கும் போலீஸ் வேலையை நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். எல்லார் முன்னாலும் "உனக்கு எதுக்குப்பா லட்டு?" என்று கேட்டால், அவர் லட்டை விட்டுவிடப் போவதில்லை, ஒளித்துச் சாப்பிடுவார். ஒளித்துச் சாப்பிடுபவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று டாக்டரிடமும் சொல்ல மாட்டார். அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸை ஏற்றுவதைத் தவிர டாக்டருக்கும் வழியில்லை.

அதற்குப் பதில் செய்யக்கூடியவை சில உண்டு. அதிரசத்தையும் லட்டையும் சின்ன அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாருக்குமே அதே சின்ன அளவு என்றால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். சாப்பாட்டில் பொரியலும் சுண்டலும் கூடுதலாக இருக்கட்டும். "எந்த ஸ்வீட் உனக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டு, அதை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பிடிக்காத ஐந்தை மரியாதைக்காகத் தின்பதை விட, பிடித்த ஒன்றை நிம்மதியாகச் சாப்பிடுவது மேல். சாப்பிட்டதும் "வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூடவே கிளம்புங்கள்.

பலகாரம் சுடும் அம்மாவுக்கே சுகர் இருக்கும் வீடுகளும் நிறைய. அடுப்படியில் நிற்கும் அவசரத்தில் அவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, மாத்திரையை மட்டும் விழுங்கி, இடையிடையே ருசி பார்த்துக்கொண்டிருப்பார். அவரை முதலில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வதும் நம் வேலைதான்.

கடைசியாக ஒரு சின்ன செக் லிஸ்ட். மருந்துக் கடை விடுமுறை விடும் முன் பத்து நாளுக்கான மாத்திரை கையில் இருக்கிறதா? குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் காலாவதி ஆகாமல் இருக்கிறதா? பயணத்தில் இன்சுலின் வெயிலில் காயாமல் பத்திரமாக இருக்கிறதா? பொங்கல் முடிந்ததும் ஹெச்பிஏ1சி எடுக்க நாள் குறித்தாயிற்றா? அந்த நாளில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். 13.6 கோடியில் நீங்களும் ஒருவரா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.